டேங்க் நிரம்பவே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்

உங்கள் கடலோர ஊரில் கழிவுநீர் எங்கே போகிறது என்று போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேட்டது ஒன்றைத்தான்: "எங்கள் ஊருக்கு ஒரு சுத்திகரிப்பு நிலையம் வருமா?" வரலாம், வரவும் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் வீட்டுக் கொல்லையில் இருக்கிற டேங்க்கைப் பற்றிப் பேசியாக வேண்டும், சுத்திகரிப்பு தொடங்குவதும் அங்கேதான், பாழாய்ப் போவதும் அங்கேதான். சுனாமிக்குப் பிறகு கட்டிய மீனவர் குடியிருப்புகளில் ஆரம்பித்துப் பல வருடம் இந்த வேலையிலேயே கிடந்தவன் நான், அந்த அனுபவத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டு செப்டிக் டேங்க் கட்டிப் பதினோரு வருடம் ஆகிறது. இன்றுவரை ஒருமுறைகூட நிரம்பியதில்லை, லாரி கூப்பிட்டதும் இல்லை. பக்கத்து வீட்டில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்கிறார்கள். எங்களுடையதை நன்றாகக் கட்டியிருப்பதால்தான் என்று கொத்தனார் சொல்கிறார். உண்மைதானா?
– வாசகி, நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: இல்லை அம்மா. பக்கத்து வீட்டு டேங்க்தான் ஒழுங்காக வேலை செய்கிறது.

ஒழுங்கான செப்டிக் டேங்க் எப்போதுமே நிரம்பித்தான் இருக்கும். கட்டிய சில நாளிலேயே வெளியேறும் குழாய் மட்டத்துக்குத் தண்ணீர் வந்துவிடும், அதன் பிறகு ஒரு வாளி உள்ளே போனால் ஒரு வாளி வெளியே வரும். கனமானது அடியில் சேறாகப் படியும், எண்ணெயும் நுரையும் மேலே ஆடையாக மிதக்கும், நடுவில் இருக்கிற தண்ணீர் மட்டும் இரண்டாவது அறைக்குப் போய் அங்கிருந்து வெளியேறும். சேறு வருடக்கணக்கில் ஏறிக்கொண்டே வருவதால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை லாரி வந்து எடுத்தாக வேண்டும். பதினோரு வருடம் எடுக்கவே வேண்டியிருக்கவில்லை என்றால், உள்ளே போனதெல்லாம் அடியிலோ பக்கவாட்டிலோ மணலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. ஒரு குப்பத்தில் இதே மாதிரி "நிரம்பாத" டேங்க்கின் மூடியைத் திறந்து, நைலான் கயிற்றில் ஒரு செங்கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்தோம். சேறு படிந்த டேங்க்காக இருந்தால் செங்கல் கறுப்பாகக் குழைந்து மேலே வரும். அன்றைக்கு அது வெள்ளை மணலோடு வந்தது, ஓரத்தில் உடைந்த சிப்பித்துண்டுகள் ஒட்டியிருந்தன. அதாவது கடற்கரை மணல். அந்த டேங்க்குக்கு அடித்தளமே போடவில்லை. நான்கு சுவரை எழுப்பி மேலே மூடி போட்டு, கான்ட்ராக்டர் பில் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அங்கிருந்து எட்டடி தள்ளி ஓர் அடிபம்பு. நாங்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் அதில் குடத்தை நிறைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

உறை இறக்கிய குழிகளும் இதே கதைதான். நான்கைந்து சிமெண்ட் உறையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இடுக்கைப் பூசாமல், அடியை மண்ணாகவே விட்டுவிட்டு அதற்கு செப்டிக் டேங்க் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். மேட்டுப்பாங்கான செம்மண் பூமியில் அதை உறிஞ்சுகுழி என்றாவது சொல்லலாம், மண் கொஞ்சம் வடிகட்டிக் கொடுக்கும். கடலோரத்தில் ஐந்தாறு அடியிலேயே நிலத்தடி நீர் நிற்கிறது, மழைக்காலத்தில் அதுவும் மேலே ஏறிவிடும். அப்போது அந்தக் குழி நேராகக் குடிதண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சரியாகக் கட்டிய டேங்க்கும் பாதி வேலையைத்தான் செய்யும். கழிவுநீரின் மாசில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரைதான் அதில் குறையும், கிருமிகள் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். அதனால்தான் வெளியே வருகிற தண்ணீர் மண்ணில் இறங்கும் இடம் குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்கவேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. ஒன்றரை சென்ட் மனையில் 18 மீட்டருக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்பது புரிகிறது, அதற்குக் கீழே வேறொரு பதிலில் வருகிறேன்.

முதலில் சோதித்துப் பாருங்கள். கோடையில், நிலத்தடி நீர் இறங்கியிருக்கும்போது, டேங்க்கில் வெளியேறும் குழாய் மட்டம்வரை தண்ணீர் விட்டு, இரவு யாரும் பயன்படுத்தாமல் விட்டுவிட்டு, காலையில் மட்டம் இறங்கியிருக்கிறதா என்று ஒரு குச்சியை வைத்து வெளியிலிருந்தபடியே பாருங்கள். இறங்கியிருந்தால் ஒழுகுகிறது. பழைய டேங்க்குக்குள் ஆளை இறக்கிப் பூசச் சொல்லாதீர்கள், காலி செய்த டேங்க்கிலும் விஷவாயு நிற்கும். பழையதை லாரியால் காலி செய்துவிட்டு மணல் போட்டு மூடி, கடையில் கிடைக்கிற ஒழுகாத பிளாஸ்டிக் அல்லது ஃபைபர் டேங்க்கைப் புதிதாகப் பதிப்பதுதான் நல்லது. மழைக்காலத்தில் அதை முழுவதும் காலி செய்யவும் கூடாது, சுற்றியுள்ள நிலத்தடி நீர் வெறும் டேங்க்கை மேலே தூக்கிவிடும்.

கேள்வி: எங்கள் வளவில் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் முப்பது அடி இடைவெளி இருக்கிறது. தண்ணீரை எப்போதும் கொதிக்க வைத்தே குடிக்கிறோம். இது போதாதா, ஐயா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: கிருமிக்குப் போதும், கட்டாயம் தொடருங்கள். ஆனால் நைட்ரேட் கொதித்தாலும் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய மீதமுள்ளதில் அது இன்னும் செறிவாகும்.

மனிதச் சிறுநீரில் நைட்ரஜன் நிறைய உண்டு, அது மண்ணில் நைட்ரேட்டாக மாறித் தண்ணீரோடு சேர்ந்தே நகரும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இது பெரிய பிரச்சினை என்பது நீண்டகாலமாகத் தெரிந்த விஷயம், தோட்டங்களுக்குப் போடும் உரமும் மலக்குழிகளும் இரண்டுமே காரணம். உங்களுக்கு வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது, மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் சேர்ந்து நிற்பதுதான் எல்லாமும். அந்தக் கல்லில் வெடிப்பும் பொந்தும் அதிகம், மணலில் போவதுபோல் தண்ணீர் வடிகட்டப்பட்டு மெதுவாகப் போகாமல் ஓடிவிடும். முப்பது அடி என்பது சுண்ணாம்புக்கல்லில் ஒரு தூரமே இல்லை.

அந்த நல்ல தண்ணீரும் கடல்நீரின் மேல் மிதக்கிற ஒரு படலம்தான். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை அது கடல்நீரை அழுத்தி வைத்திருக்கும் என்று நூறு வருடத்துக்கு முன்பே கணக்கிட்டிருக்கிறார்கள். மேலே உள்ளது ஒரு சாண் குறைந்தால் கீழே எவ்வளவு குறையும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு மெல்லிய படலத்துக்குள்தான் நாம் குழியைத் தோண்டுகிறோம்.

குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, இந்தியாவில் 45. ஆய்வுகூடத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வீட்டில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை இருந்து பால்மா கரைத்துக் கொடுக்கிறீர்கள் என்றால் முடிவு வரும்வரை இந்தக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். நைட்ரேட் அதிகமானால் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடம்பே நீலம் பாரிக்கும். குழியை, அடியும் பக்கமும் ஒழுகாத தொட்டியாக மாற்றுங்கள். வசதிப்பட்டால் மழைநீரைத் தனித் தொட்டியில் பிடித்துக் குடிக்க வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

கேள்வி: கடல் பக்கத்திலேயே இருக்கிறது, குடிதண்ணீருக்கோ குடத்தோடு அலைகிறோம். கழிப்பறைக்குக் கடல்தண்ணீரை மோட்டார் போட்டு எடுத்தால் என்ன? ஹாங்காங்கில் அப்படித்தான் என்கிறார்களே.
– வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: ஹாங்காங்கில் உண்மைதான், 1950களின் கடைசியிலிருந்தே செய்கிறார்கள், அங்கே பெரும்பாலான வீடுகளில் இன்றைக்கும் கழிப்பறைக்குக் கடல்நீர்தான். ஆனால் அங்கே அதற்கென்று தனிக் குழாய், தனிப் பம்ப், உப்பு அரிக்காத பொருட்கள், கடைசியில் பெரிய சுத்திகரிப்பு நிலையம் எல்லாம் இருக்கின்றன. உங்கள் வீட்டில் அது போய்ச் சேரும் இடம் ஒழுகுகிற டேங்க். நல்ல தண்ணீர்ப் படலத்துக்குள் நாமே மேலிருந்து உப்பை ஊற்றியதாகிவிடும், சவர்த்தண்ணீர்கூடக் கிடைக்காது. இன்னொரு தொல்லையும் உண்டு. கடல்நீரில் சல்பேட் அதிகம், காற்றில்லாத டேங்க்குக்குள் கிருமிகள் அதை அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும், அது சிமெண்டையே அரிக்கும், ஆளையும் கொல்லும். வேண்டாம். குளித்த தண்ணீரை வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றுங்கள், அதுவே நல்ல தண்ணீரை மிச்சப்படுத்தும்.

கேள்வி: நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் குப்பத்தில் 300 வீடு. ஊர் முழுவதற்கும் சேர்த்துக் கரண்ட் அதிகம் இழுக்காமல் சுத்திகரிக்க வழி உண்டா? எங்காவது சின்னக் கடலோர ஊரில் செய்திருக்கிறார்களா?
– மாணவி, கடலூர் மாவட்டம்

பதில்: கேள்வியைப் பார்த்ததுமே மனசுக்கு இதமாக இருந்தது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. வீட்டுக்கு நாலு பேர் என்றால் 1,200 பேர். ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர், அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பி வரும் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஆளுக்கு 44 லிட்டர், ஊருக்கு ஏறத்தாழ 53,000 லிட்டர். 6,000 லிட்டர் லாரியில் ஏற்றினால் தினமும் ஒன்பது லாரி. இப்போது அந்த ஒன்பது லாரித் தண்ணீரும் ஒரு நாள்கூடத் தவறாமல் உங்கள் ஊர் மணலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது, கண்ணில் படாததால்தான் யாருக்கும் உறைக்கவில்லை.

நகரத்தில் போடுவதுபோல் ஆழமான பாதாளச் சாக்கடை உங்கள் ஊருக்கு ஒத்துவராது. தரை சமதளம், ஓட்டம் கிடைக்க வேண்டுமானால் போகப்போகக் குழாயை ஆழமாக இறக்க வேண்டும், இறக்கினால் நிலத்தடி நீருக்குள் போய்விடும், இணைப்பு ஒவ்வொன்றிலும் அந்தத் தண்ணீர் உள்ளே புகும். கடைசியில் நிலையத்துக்கு வந்து சேர்வதில் பாதி சவர்த்தண்ணீராக இருக்கும். இதைவிடப் பொருத்தமான ஒரு முறை இருக்கிறது: வீட்டு டேங்க்குகளை எடுக்காமல் ஒழுகாதபடி ஆக்கிவிட்டு, அதிலிருந்து தெளிந்து வரும் தண்ணீரை மட்டும் நாலு அங்குலக் குழாயில், ஆழமாகத் தோண்டாமல் மேலாகவே கொண்டுபோவது. கட்டி எதுவும் குழாய்க்குள் வராததால் அடைப்பு குறைவு, பெரிய சரிவும் தேவையில்லை. ஆனால் 300 டேங்க்கும் ஒழுகாமல் இருந்தால்தான் இது நடக்கும். நான் முதல் கேள்வியில் இவ்வளவு நேரம் நின்றது இதற்காகத்தான், 18 மீட்டர் இடமில்லாத ஒன்றரை சென்ட் மனைக்கும் இதுதான் பதில்.

ஊர்க்கோடியில் அந்தத் தண்ணீரை என்ன செய்வது? தடுப்புச் சுவர்கள் போட்ட மூடிய தொட்டிகளில் மேலும் கீழுமாக ஓட விட்டால் காற்றில்லாமல் வாழும் கிருமிகள் அழுக்கைத் தின்னும், நம் ஊர் வெயிலுக்கு அவை நன்றாகவே வேலை செய்யும். அதன் பிறகு சரளைக்கல் நிரப்பிய பாத்தி, அதில் நாணல், சம்பு, கல்வாழை. கல்லிலும் வேரிலும் ஒட்டிய கிருமிப்படலம் மீதியைச் செய்யும். தண்ணீர் கல்லுக்கு அடியிலேயே ஓட வேண்டும், மேலே தேங்கினால் கொசு. இதற்கு மோட்டார் தேவையில்லை, பள்ளமான இடமாக இருந்தால் தூக்கிவிட ஒரு சின்னப் பம்ப் போதும். புதுச்சேரி தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை வளாகத்தில் இந்த முறையில்தான் சுத்திகரித்துத் தோட்டத்துக்கு விடுகிறார்கள், ஆரோவில்லிலும் பல இடங்களில் உண்டு. உங்கள் மாவட்டத்திலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டே வந்துவிடலாம், கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள்.

இடம்தான் கேட்கும். பாத்திக்கு மட்டும் ஆளுக்கு ஒன்று முதல் இரண்டு சதுர மீட்டர் என்று தோராயமாக வைத்தால் உங்கள் ஊருக்கு 30 முதல் 60 சென்ட் வரும். முன்னால் உள்ள தொட்டிகள் நன்றாக வேலை செய்தால் இதைவிடக் குறையும். கடற்கரையில் புறம்போக்கு என்று நினைத்து ரிசார்ட்டுக்காரர்கள் வேலி போடுவதற்கு முன்னால் கிராம சபையில் இந்த இடத்தைக் கேளுங்கள்.

வெளிநாட்டு உதாரணம் கேட்டதால், கலிஃபோர்னியாவின் வடக்கே ஹம்போல்ட் வளைகுடா ஓரமாக இருக்கும் ஆர்கேட்டாவைச் சொல்கிறேன். இருபதாயிரம் பேர்கூட இல்லாத ஊர். 1970களில், வளைகுடாக்களில் கழிவுநீர் விடுவதற்கு அந்த மாநிலம் கடுமையான விதி கொண்டுவந்தது. சுற்றியுள்ள ஊர்களையெல்லாம் சேர்த்து ஒரே பெரிய நிலையம், அங்கிருந்து கடலுக்குக் குழாய் என்று பெரும் செலவில் திட்டம் போட்டார்கள். ஆர்கேட்டா மக்கள் ஒப்புக்கொள்ளவில்லை. வெறுமனே வேண்டாம் என்று சொல்லிவிட்டும் நிற்கவில்லை, வேறு வழி உண்டு என்று காட்டினார்கள். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் மீன்வளம் கற்பித்த ஜார்ஜ் ஆலனும் சுற்றுச்சூழல் பொறியியல் கற்பித்த ராபர்ட் கியர்ஹார்ட்டும் முன்னால் நின்றார்கள். ஆலன் அதற்கு முன்பே கழிவுநீரைக் கடல்நீரோடு கலந்து சால்மன் குஞ்சு வளர்த்துப் பார்த்தவர். 1979 வாக்கில் சின்னச் சின்னப் பாத்திகளில் சதுப்புத் தாவரங்களை வைத்துச் சோதனை ஆரம்பித்து, அளந்து, எண்களைக் கொண்டுபோய் அதிகாரிகள் முன்னால் வைத்தார்கள். 1986-ல் முழு அமைப்பும் ஓட ஆரம்பித்தது. பழைய குப்பைமேடும் மரஅறுவை ஆலைகள் விட்டுப்போன பாழ்நிலமும் இருந்த இடம் இன்று 307 ஏக்கர் சதுப்புநிலச் சரணாலயம், ஜனங்கள் காலையில் நடக்கப் போகிறார்கள், பறவை பார்க்கப் போகிறார்கள். அங்கேயும் முதலில் படியவைக்கும் தொட்டியும் குளங்களும் உண்டு, கடைசியில் கிருமிநீக்கமும் உண்டு, சதுப்பு மட்டுமே எல்லாவற்றையும் செய்துவிடுவதில்லை. அதோடு அங்கே திறந்த சதுப்புநீர், நமக்குக் கல்பாத்திதான் சரி.

உங்கள் கடைசி ஆண்டு ப்ராஜெக்ட்டுக்குக் குப்பத்தின் வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டு டேங்க்கும் எந்த இடம், எந்த வருடம், அடித்தளம் உண்டா, கடைசியாக எப்போது எடுத்தது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். பெரும்பாலான ஊர்களில் அந்த ஒரு தாள் இல்லாமல்தான் திட்டம் போடுகிறார்கள்.

கேள்வி: நகரத்துச் சாக்கடை மொத்தமும் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குத்தான் வருகிறது. அதைக் கேட்க ஆளில்லை, மீனவன் வீட்டு டேங்க்கை மட்டும் நோண்டுகிறீர்களே?
– வாசகர், சென்னை வடக்கு

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. கூவமும் அடையாறும் எதைக் கொண்டுபோய்க் கடலில் விடுகின்றன என்பது முகத்துவாரத்தில் வலை இழுத்தவர்களுக்கு மூக்கிலேயே தெரியும். சுத்திகரிக்காத கழிவைக் கடலோர மண்டலத்தில் விடுவதை 2011 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை தடை செய்து, ஏற்கெனவே விடுகிறவர்கள் இரண்டு வருடத்துக்குள் நிறுத்தவும் சொன்னது. அந்த இரண்டு வருடம் எப்போதோ முடிந்துவிட்டது. மடவையும் மட்டியும் அந்த முகத்துவாரத்தில்தான் வளர்கின்றன, மட்டி தண்ணீரை வடிகட்டித்தான் சாப்பிடும், தண்ணீரில் இருக்கிற கிருமியெல்லாம் அதன் சதையில் சேரும், அதைப் பொறுக்கி விற்கிற பெண்களின் பிழைப்பு அப்படியே போகிறது. இதற்கு நகரம்தான் பதில் சொல்ல வேண்டும், நீங்கள் கேட்பதை நிறுத்தவே கூடாது.

ஆனால் அண்ணா, நகரத்துச் சாக்கடை உங்கள் கடலைக் கெடுக்கிறது, உங்கள் டேங்க் உங்கள் அடிபம்பைக் கெடுக்கிறது. முதலாவது சரியாகும்வரை இரண்டாவது காத்திருக்க வேண்டும் என்றால் அதற்குள் வயிற்றுப்போக்கில் விழுவது நம் வீட்டுப் பிள்ளைகள்தான். இதில் மீனவர் மேல் பழி போட எனக்கு மனசே வராது. இருட்டும்வரை காத்திருந்து கடற்கரைக்குப் போன பெண்களுக்குக் கழிப்பறை கட்டிக் கொடுத்தோம், நல்லது, போட்டோவும் எடுத்துக்கொண்டோம். கதவைப் படம் எடுத்த எந்த அதிகாரியும் குழியை எட்டிப் பார்க்கவில்லை. அந்தத் தப்பு கட்டிக் கொடுத்தவர்களுடையது, எங்களைப் போன்றவர்களையும் சேர்த்து.

கேள்வி: லாரி வர மூவாயிரம் கேட்கிறார்கள். ஊரில் இருவர் ஆயிரம் ரூபாய்க்கு உள்ளே இறங்கி அள்ளித் தருவதாகச் சொல்கிறார்கள். விடலாமா?
– வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: விடாதீர்கள். அவர்கள் கெஞ்சினாலும் விடாதீர்கள்.

உள்ளே நிற்கிற ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். கொஞ்சமாக இருக்கும்போது நாற்றம் தெரியும், அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, இரண்டு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். அவரைத் தூக்கப் போகிறவரும் அதே இடத்தில் விழுவார், இப்படி ஒரே டேங்க்கில் இரண்டு மூன்று பேர் போன செய்தியை எத்தனை தடவை படித்துவிட்டோம். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி ஆளை இறக்குவது குற்றம், வீட்டுக்காரர்மேலும் வழக்கு வரும். இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு 30 லட்சம் ரூபாய் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. பணம் ஒருபக்கம் இருக்கட்டும், அந்த இருவர் வீட்டிலும் சாயங்காலம் எதிர்பார்த்துக்கொண்டு யாரோ இருப்பார்கள்.

நாலைந்து வீடு சேர்ந்து ஒரே நாளில் லாரி கூப்பிட்டால் வாடகை குறையும். அப்புறம், எடுத்ததை எங்கே கொட்டப்போகிறீர்கள் என்று டிரைவரிடம் கேளுங்கள். டேங்க் சேறு சாதாரணச் சாக்கடையைப்போலப் பத்து மடங்கு, சில நேரம் நூறு மடங்குகூட அடர்த்தியானது, அதை உப்பங்கழியில் கொட்டினால் உங்கள் வீட்டைச் சுத்தம் செய்து ஊரை அழுக்காக்கியதாகும். மதுராந்தகம் பக்கத்தில் கருங்குழியில் 2017-ல் தமிழ்நாட்டின் முதல் கசடு சுத்திகரிப்பு நிலையம் தொடங்கியது, ஒரு நாளைக்கு 23,000 லிட்டர். லாரி கொண்டுவருவதைப் பாத்திகளில் பரப்பிக் காயவைத்து, வடிந்த தண்ணீரைத் தனியாகச் சுத்திகரிக்கிறார்கள். அதன் பிறகு பல ஊர்களில் வந்திருக்கிறது. உங்களுக்குப் பக்கத்தில் உள்ளது எது என்று பேரூராட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கேள்வி: ஒன்றரை அடி தோண்டினால் தண்ணீர். டேங்க்கும் பதிக்க முடியவில்லை, குழியும் முடியவில்லை. என்ன செய்வது?
– வாசகி, நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: கீழே போக முடியாவிட்டால் மேலே போங்கள். குழிக் கழிப்பறை என்றால் குழியின் அடி நிலத்தடி நீருக்கு இரண்டு மீட்டராவது மேலே இருக்கவேண்டும் என்பது விதி, உங்கள் இடத்தில் அது நடக்காது. மலமும் சிறுநீரும் தனித்தனியாகப் போகும்படி மேடைமேல் கட்டுகிற உலர் கழிப்பறை ஒன்று இருக்கிறது. மலம் மேடைக்கு அடியில் உள்ள அறையில் விழும், ஒவ்வொரு முறையும் ஒரு கை சாம்பல் தூவ வேண்டும், கழுவும் தண்ணீர் வேறு பக்கம் போகும். ஓர் அறை நிறைந்ததும் மூடிவிட்டு அடுத்ததைத் திறக்கவேண்டும், மூடியது மாதக்கணக்கில் காய்ந்து எருவாகிவிடும். உங்கள் மாவட்டத்திலேயே காமேஸ்வரத்தில் சுனாமிக்குப் பிறகு இவற்றைக் கட்டினார்கள். திருச்சி பக்கம் முசிறியில் இதைப் பரப்பிய மராச்சி சுப்புராமனுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

ஒளிக்காமல் சொல்கிறேன், வீட்டில் எல்லோரும் பழகினால்தான் இது நிற்கும். விருந்தாளி ஒருவர் தண்ணீரை ஊற்றிவிட்டால் நாறும். வயதானவர்களுக்கு மேடைப்படி ஏறுவது சிரமம், கைப்பிடி வைத்துக் கட்டுங்கள்.

கேள்வி: மீன் ஏலக்கூடத்தைக் கழுவுகிற தண்ணீரையும் ஊர்க் கழிவுநீரோடு சேர்த்து விடலாமா?
– ஊராட்சி உறுப்பினர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: நேராகச் சேர்க்காதீர்கள். இரத்தம், குடல், செதில், ஐஸ் உருகிய தண்ணீர், கடல்நீர் எல்லாம் கலந்து வரும், வீட்டுக் கழிவைவிட அடர்த்தி பல மடங்கு. தினமும் இரண்டு மணி நேரம் வெள்ளமாக வந்துவிட்டு நின்றுவிடும், இந்த ஏற்ற இறக்கத்தையும் திடீர் உப்பையும் தொட்டிக் கிருமிகள் தாங்காது. செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது: தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் குடலையும் செதிலையும் துடைப்பத்தால் கூட்டிக் கூடையில் அள்ளிவிடுங்கள், கோழித்தீவனத்துக்கோ எருவுக்கோ போகும். வடிகாலில் சல்லடைக்கம்பி, அதன் பிறகு கொழுப்பு மிதந்து நிற்க ஒரு சின்னத் தொட்டி. இதைச் செய்தாலே ஈ பாதி குறைந்துவிடும், ஏலம் கூவுகிறவர்களே வித்தியாசத்தைச் சொல்வார்கள்.

கேள்வி: எங்கள் அடிபம்புத் தண்ணீரில் கழிவு கலந்திருக்கிறதா என்று நாங்களே பார்க்க முடியுமா? பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கிறது.
– வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: முடியும். குவாலியரில் உள்ள ராணுவ ஆய்வுக்கூடத்தில் 1980களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த எளிய பாட்டில் சோதனை இருக்கிறது. சின்னக் கண்ணாடிப் பாட்டிலுக்குள் மருந்து ஏற்றிய தாள் இருக்கும், கோடுவரை தண்ணீரைப் பிடித்து மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால் போதும், மலக்கிருமி இருந்தால் தண்ணீர் கறுத்துவிடும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதிக்கப் பயிற்சி தரவேண்டும் என்று இருக்கிறது, உங்கள் ஊராட்சியில் யார் அந்த ஐந்து பேர் என்று கேட்டு அவர்களிடமே பாட்டிலை வாங்குங்கள். பம்பின் வாயை நன்றாகக் கழுவி, கொஞ்ச நேரம் அடித்து விட்டுவிட்டு அப்புறம் பிடியுங்கள், பாட்டிலின் உள்பக்கம் விரல் படக்கூடாது. மழைக்கு முன்னால் ஒருமுறை, ஐப்பசி அடைமழை முடிந்ததும் ஒருமுறை பாருங்கள், இரண்டாவது தடவைதான் உண்மை தெரியும்.

கறுத்துவிட்டால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்து உறுதி செய்யுங்கள், சில இடங்களில் மண்ணின் கந்தகத்தாலும் கறுக்கும். அதுவரை கொதிக்க வைத்துக் குடியுங்கள். கறுத்த பாட்டிலுக்குள் கிருமி கோடிக்கணக்கில் பெருகியிருக்கும், அதைப் பம்படியில் கவிழ்த்துவிடாமல், ப்ளீச்சிங் பவுடர் கரைத்து உள்ளே ஊற்றி அரைநாள் வைத்திருந்து அப்புறம் கொட்டுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல்.